இருபது வளைவுக் குறிப்பேடு: எழுதும் பழக்கத்தை விளையாட்டாக்கும் முழு வழிமுறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவன் நான். வீடு அஸ்தம்பட்டிப் பக்கம், வேலை மேலே ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கு ஆபீஸில். அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. முதல் தடவை மலையேறும் பிள்ளைகள் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தை மோந்தபடி, "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். ஜன்னலோரம் இருக்கும் யாராவது பலகையைப் பார்த்து, "பதினாலு வந்தாச்சு சாமி, இன்னும் ஆறுதான்" என்பார். அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். ரோடு அதே ரோடுதான். ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது.

குறிப்பேட்டுக்கு இப்படிப் பலகை கிடையாது. ஜனவரியில் புது நோட்டு வாங்குகிறோம். முதல் பத்துப் பக்கம் மணி மணியான கையெழுத்து. பொங்கல் முடிந்து நாலு நாளில் நோட்டு பீரோ மேலே ஏறிவிடுகிறது. இதற்காகச் சோம்பேறி என்று நம்மை நாமே திட்டிக்கொள்வது தப்பு. இன்றைக்கு எழுதுகிற வரி எப்போது உதவும் என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் உதவலாம். அத்தனை நாள் பொறுத்திருக்க, நடுவில் மனசுக்கு ஏதாவது தென்பட வேண்டும். காய் எங்கே நிற்கிறது, அடுத்த கட்டம் எவ்வளவு தூரம், இந்தக் கையில் என்ன விழுந்தது என்று காட்டுவது விளையாட்டு. அதனால்தான் தாயம் ஆட உட்கார்ந்தவர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வருவதில்லை.

மூன்று வருடமாக இதைச் செய்கிறேன். இரண்டு தடவை தவறாக அமைத்து, பாதியில் விட்டு, மூன்றாவது தடவை நிலைத்த முறை இது. தேவையானவை ஒரு நோட்டு, ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஜோடி தாயக்கட்டை.

முதல் படி: மூன்று புலிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிகள் நகர முடியாதபடி சுற்றி அடைத்தால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. நோட்டைத் திறப்பதற்கு முன் உங்களுக்கும் மூன்று புலி வேண்டும். அதாவது, அடுத்த மூன்று மாதத்தில் நீங்கள் விடை கண்டே ஆக வேண்டிய மூன்று கேள்விகள். அவற்றை அடைக்க எழுதும் ஒவ்வொரு குறிப்பும் ஓர் ஆடு. என்னுடைய இப்போதைய மூன்று: மழைக்கும் காப்பிப் பூவுக்கும் பழம் பறிப்புக்கும் இடையில் நாள் கணக்கு எப்படிப் போகிறது? அம்மாவுக்கு எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுகிறது? மாதக் கடைசியில் வரும் இழுபறி எந்தச் செலவிலிருந்து தொடங்குகிறது?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் என்றால், எந்த டிசைனுக்குச் சேதாரம் அதிகம் என்பது நல்ல புலி. "தினமும் ஏதாவது எழுத வேண்டும்" என்பது புலி ஆகாது. அதை எத்தனை ஆடு வைத்தாலும் அடைக்க முடியாது.

இந்த ஆட்டத்திலிருந்து இன்னொரு விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புலி ஓர் ஆட்டை வெட்டத் தாண்டிக் குதிக்க வேண்டும். அதற்கு ஆட்டுக்குப் பின்னால் காலியிடம் இருக்க வேண்டும். பின்னால் இன்னோர் ஆடு நின்றால் தொட முடியாது. தனியாக நிற்கும் குறிப்பும் இப்படித்தான், மறதியில் போய்விடும். அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண் போடுங்கள். எழுதி முடித்ததும், அதோடு சம்பந்தப்பட்ட பழைய குறிப்பின் எண் ஒன்றை ஓரத்தில் எழுதுங்கள். "138, பார்க்க 131" என்று இருந்தால் போதும். ஜெர்மனியின் சமூகவியல் அறிஞர் நிக்லாஸ் லூமன் (1927–1998) சுமார் 90,000 குறிப்பு அட்டைகளை இப்படித்தான் எண்ணிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றைச் சுட்டி வைத்திருந்தார். நமக்கு முந்நூறு இருந்தாலே நிறைவு.

இரண்டாம் படி: ரோட்டை வரையுங்கள்

சார்ட் பேப்பரில் கீழே அடிவாரம், மேலே ஏற்காடு ஏரி. நடுவில் பாம்பு மாதிரி வளைந்து ஏறும் ரோடு, 20 வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பத்துச் சின்ன வட்டம். ஒரு புள்ளி எடுத்தால் ஒரு வட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் நிரப்ப வேண்டும். 5, 10, 15 ஆகிய வளைவுகளில் ஒரு டீக்கடை வரைந்துகொள்ளுங்கள். நடுநடுவே எட்டக்கூடிய ஓர் இடம் இருந்தால்தான் கால் நடக்கும். இதை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் சமையலறை வாசலில் இருக்கிறது. தேதி கிழிக்கும்போது கண் தானாக அங்கே போகும்.

வெற்றுச் சார்ட்டோடு தொடங்காதீர்கள். ஆராய்ச்சியாளர்கள் நூனஸும் ட்ரெஸும் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. கார் கழுவும் கடை ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்கு 10 கட்டம், இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இரண்டு பக்கமும் எட்டுத் தடவைதான் வர வேண்டும். ஆனால் காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர்தான் முடித்தார்கள். இரண்டு முத்திரை பெற்றவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்டோம் என்கிற நினைப்புக்கு அவ்வளவு பலம்.

நாம் அதை இனாமாக எடுக்க வேண்டாம். பீரோ மேலே கிடக்கும் பழைய நோட்டை இறக்கி, தூசி தட்டி, உருப்படியான 20 குறிப்பைத் தேர்ந்து எண் போடுங்கள். இரண்டு வளைவு நிரம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

மூன்றாம் படி: எதற்குப் புள்ளி?

முழு ஆட்டமும் நிற்பதும் விழுவதும் இங்கேதான். முதல் தடவை நான் குறிப்புக்கு ஒரு புள்ளி, பத்துப் புள்ளிக்கு ஒரு தட்டுவடை செட் என்று வைத்தேன். நம்மூர் தட்டுவடை செட்டைத் தெரியாதவர்களுக்கு: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னி. இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரே மூச்சில் ஏழு குறிப்பு எழுதினேன். "இன்று வெயில்." "பால்காரர் தாமதம்." "புது ரசீதுப் புத்தகம் வாங்க வேண்டும்." பத்து நிரம்பியது, செட் சாப்பிட்டேன். மறு வாரம் நோட்டைப் புரட்டியபோது அதில் எடுக்க ஒன்றுமே இல்லை. எதை எண்ணுகிறோமோ அதுதான் பெருகும். எழுதுவதை எண்ணினால் எழுத்து மட்டும் பெருகும்.

இப்போது என் புள்ளிக் கணக்கு இது:

இன்றைய குறிப்புக்கு 1. ஒரு நாளைக்கு எத்தனை எழுதினாலும் ஒன்றுதான்.

பழைய குறிப்பைத் திறந்து படித்து, அதில் புதிதாக ஒரு வரி சேர்த்தால் 2.

ஒரு குறிப்பு நிஜத்தில் கைகொடுத்தால் 5.

ஒரு புலி அடைபட்டால், அதாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், 10. ஒரு வளைவு முழுசாக.

ஐந்து புள்ளி எப்படி வரும் என்று ஒன்று சொல்கிறேன். காப்பிச் செடி, கோடையின் முதல் நல்ல மழை விழுந்தால்தான் பூக்கும். மழை தள்ளிப்போனால் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கும்; அது பெரிய செலவு. இந்த வருடம் மார்ச் மாதம் ஒரு காலை, முதலாளி ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "போன வருஷம் பூ மழை என்னைக்குப் பெஞ்சது?" என்று கேட்டார். மேஸ்திரி அண்ணன் மாதக் கடைசி என்றார். டிரைவர் பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி என்றார். நான் நோட்டை எடுத்தேன். 131: "மார்ச் 19. மாலை 4 மணிக்குப் பிடித்து அரை மணி நேரம். ஷெட்டுக்குப் பின்னால் வைத்த அளவியில் 26 மி.மீ." ஓரத்தில் "பார்க்க 131" என்று எழுதியிருந்த குறிப்பையும் புரட்டினேன். 138: "மார்ச் 28. கீழ்க்காடு முழுக்க வெள்ளை. கேட் வரைக்கும் மல்லிகை மாதிரி வாசம்." மழைக்கும் பூவுக்கும் ஒன்பது நாள். முதலாளி இரண்டு தேதியையும் அவருடைய டைரியில் எழுதிக்கொண்டு, "நல்லதுப்பா, இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் சார்ட்டில் ஐந்து வட்டத்தை ஒன்றாக நிரப்பியபோது இருந்த சந்தோஷம் எந்தத் தட்டுவடையிலும் கிடைத்ததில்லை.

கணக்கு இப்படி ஓடும்: வாரத்துக்கு ஐந்து நாள் எழுதினால் 5, மூன்று நாள் பழையதைப் புரட்டினால் 6, அவ்வப்போது ஓர் ஐந்தோ பத்தோ. சராசரியாக வாரம் 15 புள்ளி. மீதி 18 வளைவுக்கு 180 புள்ளி, 12 வாரம். மூன்று மாதத்தில் மலை உச்சி.

நான்காம் படி: தாயக்கட்டையை உருட்டுங்கள்

பழைய குறிப்பைப் படிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எதைப் படிப்பது என்று முடிவெடுப்பதற்குள் மனசு நழுவிவிடும். அந்த முடிவை நான் தாயக்கட்டையிடம் விட்டுவிட்டேன்.

பாட்டி விட்டுப்போன பித்தளைக் கட்டை ஒரு ஜோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. நீளமாக, நாலு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிக் குழிகள். கை பட்டுப் பட்டு முனைகள் மழுங்கிவிட்டன. சிமெண்டுத் தரையில் உருட்டினால் 'கலகல' என்று ஓடி நிற்கும். இரண்டும் சேர்த்து என்ன விழுகிறதோ அத்தனை வாரம் பின்னால் போகிறேன். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் போன வாரக் குறிப்பு. மூன்று விழுந்தால் மூன்று வாரத்துக்கு முந்தையது. இரண்டும் வெறுமையாக விழுந்தால் ஆட்டத்தில் 12 அல்லவா? பன்னிரண்டு வாரம் பின்னால். அந்த வாரத்தின் குறிப்பு ஒன்றைப் படித்து, இன்றைக்கு அதைப் பற்றித் தெரிந்ததை ஒரு வரி சேர்க்கிறேன். இரண்டு புள்ளி. எழுத ஒன்றுமே தோன்றாத குறிப்பு என்றால் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுவேன்; அதற்கும் இரண்டு புள்ளி உண்டு. களை எடுப்பதும் வேலைதான்.

இரண்டு கட்டை உருண்டால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ நாலு வழி, தாயத்துக்கு இரண்டு வழி, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொரு வழி. பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் இருக்கும் குறிப்பு வரும், எப்போதாவது தூரத்து ஒன்று தலைகாட்டும். இது நினைவுக்கு நல்லது. படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்காஸ் 1885இலேயே தன்மேல் சோதித்து எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால் மறதியின் வேகம் குறைகிறது.

என்ன விழும் என்று தெரியாததுதான் இதில் இருக்கும் இழுப்பு. போனில் விரல் நிற்காமல் தள்ளிக்கொண்டே போவதும் இதே இழுப்பால்தான். அதனால் ஒரு வரம்பு வையுங்கள்: செவ்வாய், வியாழன், சனி மட்டும், நாளுக்கு ஒரே உருட்டு. கட்டை இல்லையென்றால் ஆறு சோழி போதும். மலர்ந்தது எத்தனையோ அத்தனை வாரம், எல்லாம் கவிழ்ந்தால் 12.

ஐந்தாம் படி: மலைக் கட்டம் வேண்டும்

தாயக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தை எங்கள் வீட்டில் மலை என்போம். காய் மலையில் இருந்தால் வெட்ட முடியாது. உங்கள் ஆட்டத்திலும் அப்படி ஓர் இடம் கண்டிப்பாக வேண்டும்.

இரண்டாவது தடவை நான் நாள் சங்கிலி வைத்திருந்தேன், ஒரு நாள் விட்டாலும் பூஜ்யம். 41 நாள் ஓடியது. ஆடி வந்தது, கோட்டை மாரியம்மன் பண்டிகை, வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். இரண்டு நாள் பேனா எடுக்க முடியவில்லை. சங்கிலி அறுந்ததும் நோட்டைப் பார்க்கவே மனசு வரவில்லை. கார்த்திகை வரைக்கும் திறக்கவில்லை. இரண்டு நாள் விடுப்பு நாலு மாதமாகிவிட்டது. அந்த நாலு மாதத்தில்தான் அம்மாவுக்கு மாத்திரை அளவை மாற்றினார்கள். அந்தத் தேதிகள் என்னிடம் இல்லை. அதை இன்றைக்கும் நினைத்து வருத்தப்படுகிறேன்.

லண்டனில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு, ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரி 66 நாள் ஆனது என்றது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆக, சங்கிலியை நாளில் கட்டாதீர்கள், வாரத்தில் கட்டுங்கள். ஏழு நாளில் நாலு நாள் எழுதியிருந்தால் அந்த வாரம் ஆடியதாகக் கணக்கு. அதோடு, ஐந்து வளைவுக்கு ஒரு மலை வாரம். காய்ச்சல், கல்யாணம், துக்கம், பண்டிகை எது வந்தாலும் சார்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சி இல்லாமல் இருங்கள். காய் நின்ற இடத்திலேயே நிற்கும். எடுத்த புள்ளியைக் கழிக்கும் ஆட்டத்தை யாரும் அமைக்க வேண்டாம்.

பரிசு

குறைவாக வையுங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த பிள்ளைகள், பிறகு தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. என் தட்டுவடை செய்த கெடுதலும் இதுதான். இப்போது பரிசு உச்சியில் மட்டும்.

ஒரு கூட்டாளி

அக்கா ஆத்தூரில் இருக்கிறாள். அவளும் இதே மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யார் எத்தனை புள்ளி என்று நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. அதைத் தொடங்கினால் மறுபடி எண்ணிக்கை பெருகும். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆளுக்கு ஒரு கேள்வி. "டேய் தம்பி, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு எத்தனாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்துனோம்?" இரண்டு நிமிடத்துக்குள் நோட்டிலிருந்து எடுத்துச் சொன்னால் எனக்கு ஐந்து. முடியாவிட்டால், "சரிக்கா, எண் போடாம விட்டிருக்கேன்" என்று ஒப்புக்கொண்டு அன்றைக்கே அந்தப் பக்கத்துக்கு எண் போடுவேன். கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் எழுதும்போதே தெளிவு வந்துவிடுகிறது. தேதியும் அளவும் விடாமல் போடுகிறோம்.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தச் சார்ட்டைவிடப் பரமபதம் மாதிரியான ஒரு முறை பொருந்தும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் எழுதிய முறை அது. ஒரு பெட்டியில் ஐந்து அறை. செருப்பு டப்பாவில் அட்டை நிறுத்தினாலே போதும். கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கமாகச் சீட்டு எழுதி முதல் அறையில் வையுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்கு ஏணி. தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் பாம்பு கொத்தி முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். மேலே போகப் போக இடைவெளி கூடும். ஐந்தாம் அறையைத் தாண்டிய சீட்டு பழம்.

போனில் எழுதுகிறவர்கள்

ஆப்சிடியன் செயலியில் ஏதோ ஒரு பழைய குறிப்பைத் தானாகத் திறக்கும் வசதி உண்டு. தாயக்கட்டைக்கு அது ஈடு. ஹேபிடிகா செயலி அன்றாட வேலைகளையே ஆட்டமாக்கித் தரும். 2013இல் ஹேபிட் ஆர்பிஜி என்ற பெயரில் வந்தது. ஆனால் சார்ட்டை மட்டும் சுவரில் வையுங்கள். போனுக்குள் இருக்கும் வளைவு கண்ணில் படாது.

உச்சிக்கு வந்த பிறகு

இருபதாவது வளைவு நிரம்பிய அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேலே போகிறேன். வேலைக்குப் போகிற ரோடுதான், ஆனால் அன்றைக்கு ஜன்னலோர இருக்கை. ஏரிக்கரையில் உட்கார்ந்து மூன்று மாத நோட்டை முழுக்கப் படிப்பேன். அடைபட்ட புலிகளுக்கு விடையைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டு, புதுப் புலியைத் தேடுவேன். போன தடவை அம்மாவே ஒன்று சொன்னாள்: "ராத்திரி எனக்குத் தூக்கம் வராத நாளெல்லாம் எழுதி வையேன், எதுனாலன்னு பாக்கலாம்." கீழே இறங்கும்போது பதினோராவது வளைவில் அதற்கு முதல் ஆட்டை வைத்தேன். அது குறிப்பு 263. இப்போது புதுச் சார்ட்டில் ஆறாவது வளைவில் நிற்கிறேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கட்டையை இன்னும் உருட்டவில்லை.